'வேரோடு வந்துடுச்சு' என்று சொல்லிக் கறுப்புக் களிம்பு விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

கன்னத்தில், காதோரமாக, ஒரு சிவப்புத் திட்டு. படை என்று நினைத்து ஒரு வருடம் படைக் களிம்பு போட்டு வீணடித்தேன். பயாப்சி எடுத்தபோது பேசல் செல் கார்சினோமா, அதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் என்று வந்தது. ஆரம்ப நிலை, மேலோட்டமான வகை. வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது, ஆனால் விட்டுவைத்தால் இருக்கிற இடத்தையே அரித்துத் தின்னும் என்றார் தோல் டாக்டர்.

கத்தி என்றாலே எனக்கு நடுக்கம். அதைப் பார்த்து இமிக்விமோட் களிம்பு எழுதினார். வாரம் 5 நாள், மொத்தம் 6 வாரம். அவர் எதையும் மறைக்கவில்லை. 5 வருடம் கழித்துப் பார்த்த ஒரு ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் 100க்கு 97 பேருக்கு மேல் நோய் திரும்பவில்லை, களிம்பு போட்டவர்களில் 82 பேர் அளவில்தான். அதனால் களிம்பு முடிந்தாலும் தொடர்ந்து வந்து காட்ட வேண்டும் என்று தேதியும் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் வாரம் முகம் சிவந்து, புண்ணாகி, பொருக்குத் தட்டியது. மருந்து வேலை செய்தால் இப்படித்தான் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார். இருந்தும் கண்ணாடியைப் பார்க்கப் பயந்துபோய், சொந்தக்காரர் கொடுத்த ஒரு வைத்தியரின் நம்பருக்குப் போன் போட்டேன். புத்தி போன நேரம்.

ஒரு சின்ன டப்பாவில் கறுப்புக் களிம்பு வந்தது. என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று ஒரு எழுத்து கிடையாது, பணம் மட்டும் முன்கூட்டியே முழுசாக. "கெட்ட சதையை மட்டும் தேடிப் பிடிக்கும்" என்றார் அந்த வைத்தியர். இரண்டு ராத்திரி நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. கொஞ்ச நாளில் தடிமனான கறுப்புப் பொருக்கு கழன்று விழுந்தது. போட்டோ கேட்டார், அனுப்பினேன். "வேரோடு வந்துடுச்சு. இனி டாக்டர்கிட்ட போகாதீங்க, நோண்டினா பரவிடும்."

போகவில்லை. பதினோரு மாதம்.

தழும்பின் ஓரத்தில் முத்து மாதிரி பளபளப்பாக ஒரு புடைப்பு வந்த பிறகுதான் போனேன். மறுபடி பயாப்சி. தழும்புக்கு அடியில் நோய் ஆழமாக இறங்கியிருந்தது. இந்த மாதிரிக் களிம்புகளில் பெரும்பாலும் துத்தநாகக் குளோரைடும் 'பிளட்ரூட்' என்ற செடியும் இருக்குமாம். நல்ல சதை, கெட்ட சதை என்று பார்க்காமல் பொசுக்கும். 'வேர்' என்று நான் போட்டோ எடுத்தது வெந்துபோன என் சதையைத்தான். மேலே தோல் மூடிக்கொண்டதால் அடியில் நடப்பது யாருக்கும் தெரியவில்லை.

இனி களிம்பு எடுபடாது என்று அறுவை செய்து, பக்கத்துத் தோலை இழுத்துத் தைத்தார்கள். எந்தக் கத்திக்குப் பயந்தேனோ அதே கத்தி, இன்னும் பெரிய வெட்டு. வைத்தியரிடம் கேட்டால் "உங்க உடம்புச் சூடு" என்றார். அடுத்த முறை நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

என் போட்டோ மட்டும் இன்னும் சுற்றுகிறது. கன்னம், கறுப்புப் பொருக்கு, தாடையில் ஒரு மச்சம், கீழே 'முழுக் குணம்' என்று எழுதியிருக்கும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு வந்தால், அது நான்தான்.