இடதும் வலதும் ஒன்றாக இல்லாத மண்டை ஓடு: வாங்கலாமா?

முதலாண்டு எம்பிபிஎஸ் பிள்ளைகள் "எந்த ஸ்கல் வாங்கலாம் மேடம்?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எங்கள் அனாடமி துறைக்கு நான் தேர்ந்தெடுத்தது, நிஜ மண்டை ஓட்டிலிருந்து அச்செடுத்த, மூன்று பாகமாகக் கழற்றக்கூடிய பிளாஸ்டிக் மாடல். விலை மூவாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். தாராளமாக வாங்கலாம், காரணம் அதன் அடிப்பாகம்.

கவிழ்த்துப் பாருங்கள். இடது பக்கம் ஃபொரமென் ஓவேல் (ஃபொரமென் என்றால் நரம்போ ரத்தக் குழாயோ போகும் எலும்புத் துளை), அதற்குப் பின்னால் வெளிப்புறமாக ஃபொரமென் ஸ்பைனோசம், இரண்டும் தனித்தனியாக, பாடத்தில் படித்தபடியே இருக்கின்றன. வலது பக்கம் அப்படி இல்லை, இரண்டுக்கும் நடுவிலுள்ள எலும்புச் சுவர் பாதியிலேயே நின்றுவிட்டதால் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன. இடது ஓவேலுக்கு முன்னால், சற்று உள்பக்கமாக, குண்டூசித் தலை அளவில் இன்னொரு துளை. வெசேலியஸ் துளை அதுதான். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை அதில் விட்டால் அடைபடாமல் மண்டைக்குள், கேவர்னஸ் சைனஸ் (மூளைக்கு அடியில் உள்ள சிரை ரத்த அறை) இருக்க வேண்டிய இடத்தின் ஓரத்தில் எட்டிப் பார்க்கிறது. வலது பக்கம் அந்தத் துளையே கிடையாது. 1543இல் உடற்கூறு நூலை வெளியிட்ட அதே வெசேலியஸ் பெயரில் வழங்கும் துளை இது, சிலருக்கு இரண்டு பக்கமும் இருக்கும், சிலருக்கு ஒரு பக்கம், பலருக்கு இருக்கவே இருக்காது.

இவ்வளவு சின்னத் துளையைப் பற்றி ஏன் இத்தனை பேச்சு என்றால், அதன் வழியாகப் போகும் சிரை கேவர்னஸ் சைனஸையும் வெளியே தாடைத் தசைகளை ஒட்டியுள்ள டெரிகாய்டு சிரை வலையையும் இணைக்கிறது, ஆகவே வெளியே பிடித்த கிருமித் தொற்று உள்ளே ஏற அது ஒரு வழி. அப்புறம் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா எனும் கடுமையான முக நரம்பு வலிக்கான சிகிச்சையை நினைத்துப் பாருங்கள்: வாயோரத்துக்கு அருகே கன்னத்தில் ஊசி குத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே ஓவேல் வழியாக நரம்பு முடிச்சை அடைகிறார்கள். ஓவேல் நீளவாக்கில் சுமார் 7 மில்லிமீட்டர்தான். பக்கத்தில் இன்னொரு துளை இருந்தால் ஊசி அதற்குள் போய்விடலாம். சிலருக்கு டெரிகோஸ்பைனஸ் தசைநார் எலும்பாக இறுகி ஓவேலுக்குக் குறுக்கே பாலம் மாதிரி நிற்கும், அவர்களுக்கு ஊசி போகும் பாதையே மறிக்கப்படலாம்.

சந்தையில் இதைவிட மலிவான மாடல்கள் நிறைய. பிள்ளைகள் கொண்டுவந்து காட்டிய ஒன்றில் ஒரு பாதியை அப்படியே புரட்டி மறுபாதியாக ஒட்டியிருக்கிறார்கள், இடதுக்கும் வலதுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. நிஜத்தில் ஜுகுலர் ஃபொரமென் (மூளையின் சிரை ரத்தம் கழுத்துக்கு இறங்கும் துளை) பெரும்பாலும் வலது பக்கம்தான் பெரியது, ஏனென்றால் மூளையின் மேல்பக்க ரத்தம் பெரும்பாலும் அந்தப் பக்கமாக இறங்குகிறது. அதைவிட எனக்குக் கோபம் வந்தது, ஃபொரமென் லேசரம் வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் உள் கரோடிட் தமனி நேரே மேலே ஏறுவதுபோல் சிவப்புக் கோடு போட்டிருந்ததைப் பார்த்துத்தான். உயிரோடு இருப்பவருக்கு அந்தத் துளையின் கீழ்ப்பகுதியைக் குருத்தெலும்பு மூடியிருக்கும், தமனி அதற்கு மேலாகக் கடந்து போகும். இதைப் பார்த்துப் படித்துவிட்டு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நிற்கும் பிள்ளை பாவம் இல்லையா?

நான் வாங்கியதிலும் குறை உண்டு. பெட்டியைப் பிரித்தபோதே காதுக்குக் கீழே ஊசிபோல் நீளும் ஸ்டைலாய்டு முள் ஒன்று முறிந்திருந்தது, புகார் செய்தும் மாற்றித் தரவில்லை. முக நரம்பு வெளியே வரும் ஸ்டைலோமாஸ்டாய்டு துளை வலது பக்கம் வெறும் குழிதான், ஈர்க்கு கால் அங்குலம்கூடப் போகவில்லை. நாக்கை அசைக்கும் நரம்பு போகும் ஹைபோகுளோசல் கால்வாய் இரண்டு பக்கமும் ஒற்றையாகவே இருக்கிறது, அதை எலும்புத் தடுப்பு ஒன்று இரண்டாகப் பிரிப்பதைக் காட்ட வேண்டுமானால் துறை அலமாரியில் இருக்கும் பழைய நிஜ எலும்பைத்தான் எடுக்க வேண்டும். 1985இல் இந்தியா மனித எலும்பு ஏற்றுமதியைத் தடை செய்யும்வரை உலகின் பல மருத்துவக் கல்லூரிகளுக்கு இங்கிருந்துதான் எலும்புகள் போயின. உங்கள் கல்லூரியில் பழைய மண்டை ஓடுகள் இருந்தால் ஒன்றோடு நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஸ்பைனோசமே இல்லாத ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம்தான், வழக்கமாக அந்தத் துளை வழியாக உள்ளே போகும் நடு மெனிஞ்சியல் தமனி (மூளை உறைக்கு ரத்தம் தருவது) கண் தமனியிலிருந்து கிளைத்தவர்களிடம் அப்படி இருக்கும்.

சரி, ஆன்லைனில் வாங்குபவர்கள் முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்து ஆர்டர் போட வேண்டாம். விற்பவரிடம் அடிப்பாகத்தின் படம் கேளுங்கள், பெரிதாக்கி இரண்டு ஓவேல்களையும் ஒப்பிடுங்கள், அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள். கூடவே கீழ்த்தாடை ஸ்பிரிங்கைத் தனியாகத் தருவார்களா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், முதலில் போவது அதுதான்.