ஸ்கேன் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் இண்டெக்ஸ் வேண்டாததா? போஸ்ட்கிரெஸ்ஸுடன் ஆறு ஆண்டுகள்

ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தின் பில்லிங் மென்பொருளுக்கான போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை ஆறு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். நான் பொறுப்பேற்றபோது பில் வரிகள் சேரும் அட்டவணையில் மட்டும் 14 இண்டெக்ஸ்கள் இருந்தன. இண்டெக்ஸ் என்பது, அட்டவணை முழுவதையும் படிக்காமல் வேண்டிய வரியைக் கண்டுபிடிக்க உதவும் தேடல் பட்டியல். ஏதாவது ஒரு திரை மெதுவாகத் திறந்த போதெல்லாம் யாரோ ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். புதிய வரி ஒன்று சேரும்போது அத்தனை இண்டெக்ஸ்களிலும் எழுத வேண்டும். ஏற்கெனவே உள்ள வரியைத் திருத்தும்போதும், மாறிய நெடுவரிசை ஏதேனும் ஓர் இண்டெக்ஸில் இருந்துவிட்டால், ஹாட் அப்டேட் என்னும் சிக்கன வழி அடைபட்டு எல்லா இண்டெக்ஸ்களிலும் புதுப் பதிவு எழுதப்படுகிறது. ஆகவே எவை உண்மையில் பயன்படுகின்றன என்று கண்டறிய வேண்டியிருந்தது.

இதற்கு எல்லோரும் முதலில் பார்ப்பது பிஜி_ஸ்டாட்_யூசர்_இண்டெக்சஸ் என்னும் புள்ளிவிவர வியூவில், ஓர் இண்டெக்ஸ் எத்தனை முறை ஸ்கேன் செய்யப்பட்டது, அதாவது தேடப்பட்டது, என்று காட்டும் ஐடிஎக்ஸ்_ஸ்கேன் எண்ணிக்கையைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்த எண் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதைக் கவனிக்க எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. சர்வர் முறையாக நிற்காமல் விழுந்து எழுந்தால் எண்ணிக்கை அழிந்து பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது; பிஜி_அப்கிரேட் கருவி வழியாகப் பெரிய பதிப்புக்கு மாறும்போதும் அது கூடவே வருவதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, நிதியாண்டு முடிவில் மட்டும் ஓடும் வினவலுக்கான இண்டெக்ஸை ஜூலை மாதத்து எண்ணிக்கையைக் கொண்டு எடைபோட முடியாது என்பதால், வாரந்தோறும் அந்த எண்களை நகலெடுத்துத் தேதியுடன் தனி அட்டவணையில் சேமிக்கத் தொடங்கினேன். 2023இல் வெளிவந்த 16ஆம் பதிப்பு, கடைசி ஸ்கேன் நடந்த நேரத்தைக் காட்டும் நெடுவரிசையைச் சேர்த்தது பெரிய உதவி. ஆயினும் என் வாராந்திர நகலை நிறுத்தவில்லை.

இத்தனை கவனம் இருந்தும் ஒரு முறை வசமாக மாட்டிக்கொண்டேன். ஓர் இண்டெக்ஸ் ஓராண்டுக்கு மேல் பூஜ்யத்திலேயே நின்றது, நீக்கினேன். மறுநாள் காலையில் கணக்குப் பிரிவின் அறிக்கைகள் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தன. அறிக்கை வினவல்கள் முதன்மை சர்வரில் ஓடுவதில்லை, அதன் நகலாக இயங்கும் ரெப்ளிகா சர்வரில்தான் ஓடுகின்றன. ரெப்ளிகாவில் நடக்கும் ஸ்கேன்களை அந்த ரெப்ளிகா மட்டுமே எண்ணிக்கொள்ளும். முதன்மை சர்வருக்கு அந்தக் கணக்கு வந்து சேராது. ஆனால் முதன்மையில் செய்த நீக்கம் ரெப்ளிகாவுக்கு உடனே போய்ச் சேர்ந்துவிடும். எனக்கு இது தெரியாத செய்தியன்று, அந்த நேரத்தில் நினைவுக்கு வராத செய்தி என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து எல்லா சர்வர்களின் எண்களையும் கூட்டிய பிறகே ஓர் இண்டெக்ஸைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்கிறேன்.

யூனிக் இண்டெக்ஸ்கள் வேறு வகை. ஒரே பில் எண் இரண்டு முறை நுழையாமல் தடுப்பது அவற்றின் வேலை. சாதாரணமாக வரி சேர்க்கும்போது நடக்கும் அந்தச் சோதனை ஐடிஎக்ஸ்_ஸ்கேனில் ஏறுவதில்லை. எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தாலும் அவை நாள் முழுவதும் காவல் காக்கின்றன.

எண் பெரிதாக இருப்பதும் நற்சான்று அன்று. இரண்டு அட்டவணைகளை வரிக்கு வரி பொருத்தும் நெஸ்டட் லூப் இணைப்பின் உட்பக்கத்தில் ஓர் இண்டெக்ஸ் இருந்தால், வெளிப்பக்கத்திலிருந்து வரும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஸ்கேன் என்று கணக்காகும். இரவில் ஓடும் ஒரே வினவல் எண்ணிக்கையைப் பல்லாயிரம் ஏற்றிவிடும். நெடுவரிசையின் மதிப்புகளைப் பற்றிப் போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கும் புள்ளிவிவரங்கள் பழையனவாகி, வினவலில் வரும் மதிப்பு அவற்றின் எல்லைக்கு வெளியே இருந்தால், வினவலை எப்படி ஓட்டுவது என்று திட்டம் போடும் பகுதியே எல்லையைச் சரிபார்க்க இண்டெக்ஸைத் தொட்டுப் பார்க்கும். அதுவும் இந்த எண்ணில் சேரக்கூடும்.

ஆகவே இறுதியில், வினவலை ஓட்டி அதன் திட்டத்தைக் காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்தான் முடிவு சொல்ல வேண்டும். அதையும் எந்த வினவலின் மீது ஓட்டுகிறோம் என்பது முக்கியம். வாடிக்கையாளர் எண்ணைக் கொண்டு தேடும் ஒரு வினவலை நான் கையால் தட்டச்சு செய்து ஓட்டினால் இண்டெக்ஸ் ஸ்கேன் வந்தது. மென்பொருள் அனுப்பும்போது அதே தேடல் அட்டவணை முழுவதையும் படித்தது. ஓடும் வினவல்களின் திட்டங்களைத் தானாகவே லாகில் எழுதும் ஆட்டோ_எக்ஸ்ப்ளெய்னை இயக்கி, அங்கே விழுந்த உண்மையான திட்டத்தைப் பார்த்த பிறகே காரணம் புரிந்தது. நெடுவரிசை பிக்இன்ட் என்னும் முழு எண் வகை, நிரல் அனுப்பிய மதிப்போ நியூமரிக் என்னும் தசம எண் வகை. இரண்டையும் ஒப்பிட நெடுவரிசையே நியூமரிக்காக மாற்றப்பட்டதால், பிக்இன்ட்டுக்குக் கட்டிய இண்டெக்ஸ் பயனற்றுப் போயிற்று. நீக்க நினைத்த இண்டெக்ஸ் நல்லதாகவே இருந்தது. திருத்த வேண்டியிருந்தது நிரலின் ஒரு வரி. சிறிய அட்டவணையில் சோதித்துவிட்டு இண்டெக்ஸ் எடுபடவில்லை என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். சில பக்கங்களே உள்ள அட்டவணையை முழுதாகப் படிப்பதுதான் மலிவு என்பதால் அங்கே போஸ்ட்கிரெஸ் செய்தது சரியே.

மைஎஸ்கியூஎல் என்னும் வேறொரு தரவுத்தளத்தின் 8.0 பதிப்பில் ஓர் இண்டெக்ஸை நீக்காமலேயே கண்ணுக்குத் தெரியாததாக்கிச் சில வாரங்கள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அந்த வசதி போஸ்ட்கிரெஸ்ஸில் உள்ளமைந்ததாக இல்லாதது எனக்குள்ள பெரிய குறை. பரிவர்த்தனைக்குள் நீக்கி, திட்டத்தைப் பார்த்துவிட்டு ரோல்பேக் செய்து பழையபடி ஆக்கலாம் என்றாலும், அதுவரை அட்டவணை முழுவதும் பூட்டப்படுவதால் சோதனை சர்வரில் மட்டுமே அதைச் செய்கிறேன். உண்மையான நீக்கத்துக்கு முன்பு பிஜி_கெட்_இண்டெக்ஸ்டெஃப் தரும் வரையறையைச் சேமித்துக்கொண்டு, மற்ற வினவல்களைத் தடுக்காத டிராப் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி கட்டளை கொண்டு நீக்குகிறேன்.

இப்போது அந்த அட்டவணையில் ஆறு இண்டெக்ஸ்கள் இருக்கின்றன. ஏழாவதாக ஒன்று, ரெப்ளிகாவில் மட்டும் மாதம் இரண்டு மூன்று முறை தொடப்படுவது, சந்தேகப் பட்டியலில் நிற்கிறது. எந்த அறிக்கை அதைத் தொடுகிறது என்று லாகில் பிடிபடும்வரை அதன் மீது கை வைப்பதாக இல்லை.