ஆபரேஷன்ல தப்பு நடந்தா எங்க போறது: கன்ஸ்யூமர் கோர்ட்டா, மெடிக்கல் கவுன்சிலா, போலீஸா?

2022ல எங்க அம்மாவுக்கு பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி (சின்ன துளை போட்டுப் பண்ற ஆபரேஷன்) பண்ணாங்க, கோயம்புத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரில. மூணாம் நாளே டிஸ்சார்ஜ். கரூர் வீட்டுக்கு வந்து ரெண்டு நாள்ல கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு உப்பிப்போச்சு, பதறிப்போய் வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா பித்தக்குழாய்ல வெட்டு விழுந்திருக்கு, பித்தநீர் வயித்துக்குள்ள கசியுதுன்னாங்க. மறுபடி ஒரு பெரிய ஆபரேஷன், ஒன்றரை மாசம் படுக்கை. அம்மா பொழச்சு வந்ததுக்கப்புறம் இருக்கிற வழி ஒவ்வொண்ணையும் விசாரிச்சுட்டு நான் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குத்தான் போனேன், யார் கேட்டாலும் அதையே தான் சொல்றேன்.

போலீஸ்ல புகார் கொடுக்கணும்னு சொந்தக்காரங்க எல்லாம் நின்னாங்க. கோவத்துல எனக்கும் அதான் தோணுச்சு. ஆனா 2005ல ஜேக்கப் மேத்யூ வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு, டாக்டர் மேல கிரிமினல் கேஸ் நிக்கணும்னா சாதாரண கவனக்குறைவு பத்தாது, ரொம்ப மோசமான அலட்சியமா இருக்கணும், அதுவும் வேற ஒரு டாக்டர்கிட்ட, முடிஞ்சவரை அரசு டாக்டர்கிட்ட கருத்து வாங்கணும்னு. அந்தப் பக்கம் நான் போகல, அதனால ஸ்டேஷன்ல எப்படி நடத்துவாங்கன்னு அனுபவத்துல சொல்ல முடியாது.

டாக்டர்களைப் பதிவு பண்ற மெடிக்கல் கவுன்சில் வேற மாதிரி. டாக்டரை எச்சரிக்கலாம், கொஞ்ச காலத்துக்கு ரெஜிஸ்ட்ரேஷனை நிறுத்தி வைக்கலாம், பேரையே நீக்கலாம். நஷ்டஈடு மட்டும் அவங்களால வாங்கித் தர முடியாது. "இன்னொருத்தருக்கு இப்படி நடக்கக் கூடாது" அப்படிங்கிறது தான் உங்க நோக்கம்னா அதுக்கான இடம் அதுதான். கவுன்சில், கன்ஸ்யூமர் கோர்ட் ரெண்டு இடத்துலயும் போடலாம், தடை இல்ல. ஆனா கவுன்சில் டாக்டர் மேல தப்பில்லன்னு எழுதிட்டா எதிர்த்தரப்பு அந்தக் காகிதத்தை முதல்ல கொண்டு வந்து நீட்டும்னு வக்கீல் சொன்னதால நான் அதைத் தள்ளி வச்சேன்.

சிவில் கோர்ட்டுன்னா தமிழ்நாட்டுல கோர்ட் ஃபீஸே 3 சதவீதம், 25 லட்சம் கேட்டா 75 ஆயிரம் முதல்லயே கட்டணும். கன்ஸ்யூமர்ல 2019 சட்டப்படி நாம எவ்வளவு கேக்குறோம்னு பாக்கறதில்ல, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கட்டினோம்னு தான் பாக்குறாங்க. அந்த ஆஸ்பத்திரிக்கு நாங்க கட்டினது 1 லட்சத்து 80 ஆயிரம். 5 லட்சத்துக்குள்ள இருக்கறதால ஃபீஸ் எதுவுமே இல்ல, மாவட்ட அளவு கன்ஸ்யூமர் கோர்ட்டான மாவட்ட ஆணையத்துலயே 25 லட்சம் கேக்க முடிஞ்சது. ஆஸ்பத்திரி கோயம்புத்தூரா இருந்தாலும் நாம குடியிருக்கிற ஊர்லயே போடலாம், அம்மாவை வச்சுக்கிட்டு அலையற எனக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு சொல்லத் தெரியல. ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும், இதை மறந்துடாதீங்க. எல்லாருக்கும் இலவசமா வைத்தியம் பாக்குற அரசு ஆஸ்பத்திரி இதுல வராது, 1995ல சாந்தா வழக்குல சுப்ரீம் கோர்ட்லயே அது முடிவாயிருச்சு.

இதெல்லாம் இருந்தாலும் கேஸ் நிக்கிறதும் விழுறதும் கேஸ் ஷீட்ல, அதாவது ஆஸ்பத்திரில நோயாளியப் பத்தி அப்பப்போ எழுதி வைக்கிற ரெக்கார்ட்ல தாங்க. டிஸ்சார்ஜ் சம்மரிய மட்டும் ஃபைல்ல வச்சுக்கிட்டு எல்லாம் கையில இருக்குன்னு நினைச்சுட்டிருந்தேன். வக்கீல் அதைப் பாத்துட்டு, "தம்பி, இது அவங்க எழுதி முடிச்ச கதை, எனக்கு உள்ளே நடந்தது வேணும்" அப்படின்னார். 2002ல வந்த மருத்துவ நெறிமுறை விதிகள்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள ரெக்கார்ட் கொடுக்கணும், அட்மிட் ஆன நோயாளிங்க ரெக்கார்டை 3 வருஷம் வச்சிருக்கணும். வாயால கேட்டப்போ கவுன்டர்ல "சார் லீவு, அடுத்த வாரம் வாங்க"ன்னாங்க. மறுநாள் லெட்டர் எழுதி எடுத்துட்டுப் போய் என் காப்பில சீல் போட்டுத் தேதி வாங்கினேன், மூணாம் நாள் 94 பக்கம் கைக்கு வந்துச்சு.

டிஸ்சார்ஜ் சம்மரில "நோயாளி நலமாக உள்ளார்". அதே நாள் காலைல 6 மணிக்கு நர்ஸ் சார்ட்ல பல்ஸ் 124, காய்ச்சல் 101, பக்கத்துல நீல மையில "வயிறு வலி அதிகம், டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது". அந்த வரிய படிச்சப்போ எனக்கு கை நடுங்கிருச்சு, அம்மா அன்னைக்கு வலிக்குதுன்னு சொன்னதை நானே வாயுத்தொல்லையா இருக்கும்னு சொல்லி சமாதானப்படுத்தினேன். பித்தக்குழாய்ல வெட்டு விழுறது இந்த ஆபரேஷன்ல நடக்கக்கூடிய சிக்கல் தான், அதை மட்டும் வச்சு அலட்சியம்னு ஜெயிக்க முடியாது. இவ்வளவு அறிகுறி எழுத்துல இருந்தும் ஸ்கேன் எடுக்காம அனுப்பினாங்களே, எங்க கேஸ் அங்க தான் நிக்குது.

1998ல டாக்டர்களோட அலட்சியத்தால மனைவி அனுராதாவ இழந்த குணால் சாஹாவுக்கு சுப்ரீம் கோர்ட் கிட்டத்தட்ட 6 கோடி நஷ்டஈடு, வட்டி தனியா, கொடுக்க 2013 ஆச்சு. அவர் டாக்டர், ரெக்கார்டை அவராலயே படிக்க முடியும். நமக்கு அந்தப் படிப்பு இல்ல, அதனால தெரிஞ்ச ஒரு சர்ஜன்கிட்ட அந்த 94 பக்கத்தையும் கொடுத்து ரெண்டு சாயங்காலம் பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதிக்கிட்டேன்.

வேகமா முடியும்னு மட்டும் யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். மூணு மாசத்துல முடிக்கப் பாக்கணும்னு சட்டத்துல இருக்கு, நாங்க 2023ல போட்டது இன்னும் எக்ஸ்பர்ட் கருத்துக்காக நிக்குது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த நர்ஸ் சார்ட் பக்கத்தை மேல வச்சுத்தான் ஃபைல் எடுத்துட்டுப் போறேன்.