எல்298என் மோட்டார் டிரைவர் பலகை லித்தியம் பேட்டரிக்கு ஏற்றதா?

மாணவர்களின் ரோபோ வண்டிகளில் பெரும்பாலும் காணப்படும் சிவப்பு நிற எல்298என் பலகையை, மூன்று 18650 லித்தியம் செல்களைத் தொடராக இணைத்த பேட்டரியுடன் பயன்படுத்திப் பார்த்து இம்மதிப்பீட்டை எழுதுகிறேன். மோட்டார் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரெனத் துண்டித்தால், அது உடனே அடங்காமல் உயர் மின்னழுத்தத்தை எழுப்பிக்கொண்டு வேறு வழி தேடும். இதற்கு வழிவிடும் டயோடுகள் (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகங்கள்) பலகையின் மையமான எல்298 சிப்புக்குள் இல்லாததால், பலகையில் எட்டு டயோடுகளைத் தனியே பொருத்தியிருக்கிறார்கள்.

ஆனால் கடத்துவதை நிறுத்தி 200 நானோ விநாடிக்குள் அடைப்பு நிலைக்கு மீளும் வேக டயோடுகளைப் போடச் சொல்கிறது சிப்பின் தரவுத்தாள். எனக்குக் கிடைத்த பலகையில் இருந்தவையோ எம்7 என்ற, மெதுவாக மீளும் சாதாரண ரெக்டிஃபயர் டயோடுகள். விலையைப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

இந்த டயோடுகள் காப்பது சிப்பை மட்டுமே. திரும்பி வரும் ஆற்றலை அவை பேட்டரி இருக்கும் பக்கமே தள்ளிவிடுகின்றன. 1 மில்லிஹென்ரி சுருளில் 2 ஆம்பியர் ஓடினால் அதில் இருப்பது 2 மில்லிஜூல் ஆற்றல்தான். அதைப் பலகையிலுள்ள 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கி தனியாக ஏற்றாலும் பேட்டரியின் முழுச் சார்ஜ் அளவான 12.6 வோல்ட் சுமார் 13.3 ஆகுமே தவிர, விபரீதம் ஒன்றும் நேராது. முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் பாதுகாப்புச் சுற்று சார்ஜ் வழியை அடைத்துவிட்டால்தான் சிக்கல்: மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வருவதற்கு மட்டும் கதவு மூடியிருக்கும். பெரிய மோட்டாரை அடிக்கடி திசைமாற்றி ஓட்டுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே பலகையின் மின்வழங்கல் முனைகளில் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் எஸ்எம்பிஜே15ஏ என்ற டிவிஎஸ் டயோடு (திடீர் மின்னழுத்த எழுச்சியை அடக்கும் டயோடு) ஒன்றையும் சேர்த்தேன். அந்த டயோடு உச்ச மின்னோட்டத்தில் மின்னழுத்தத்தை 24.4 வோல்ட் வரை உயர விடும். 46 வோல்ட் தாங்கும் எல்298க்கு அது போதும், 15 வோல்ட்டே வரம்பாகக் கொண்ட டிபி6612 என்ற வேறொரு மோட்டார் டிரைவர் சிப்புக்கு அதே டயோடு காவலாகாது.

12 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும்போது பலகையிலுள்ள 5 வோல்ட் சீராக்கியை இயக்கும் ஜம்பரைக் (சிறு இணைப்பு மூடியை) கழற்றிவிட வேண்டும் என்பதால், முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் தரும் இந்தப் பேட்டரிக்கும் அது பொருந்தும். 1 ஆம்பியர் ஓடும்போது சிப்பிலேயே 1.8 முதல் 3.2 வோல்ட் வரை வீணாவது எனக்குப் பெரிய மனக்குறை. கற்றுக்கொள்பவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பேன். பேட்டரி நெடுநேரம் உழைக்க வேண்டிய வண்டிக்கு இந்த இழப்பு குறைவான மாஸ்ஃபெட் வகை டிரைவரையே வாங்கச் சொல்வேன்.