கேஸ் கீசரில் பச்சைத்தண்ணீர் வந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்

வேலூர் என்றாலே எல்லாருக்கும் வெயில்தான் நினைவு வரும். மார்கழி விடியலில் மாடித் தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் மிச்சம் தெரியும். காட்பாடியில் எங்கள் வீட்டில் கேஸ் கீசர். போன மார்கழியில் ஒருநாள் அதில் பச்சைத்தண்ணீர்தான் வந்தது. மாமியாருக்கு மூட்டுவலி. அவசரத்தில் இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் பட்ட 'சர்வீஸ் சென்டர்' நம்பருக்குப் போன் செய்தேன். கம்பெனி அட்டையில் இருந்த நம்பரைப் பார்த்திருக்க வேண்டும்.

வந்தவர் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். "கேஸ் வால்வு போயிடுச்சும்மா, இப்படியே விட்டா வெடிச்சிடும்." அந்த 'வெடிச்சிடும்'முக்கு அப்புறம் நான் எதுவும் கேட்கவில்லை. 3,200 ரூபாய். கழற்றியது இதுதான் என்று ஒரு கறுத்த வால்வைக் காட்டி, அதையும் பையில் போட்டுக்கொண்டார். பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

தை முடிவதற்குள் மறுபடி பச்சைத்தண்ணீர். அந்த நம்பர் சுவிட்ச் ஆஃப். சத்துவாச்சாரியிலிருந்து தம்பி வந்தான். குழாயைத் திறந்து காதை வைத்தான். "அக்கா, டிக் டிக் சத்தமே இல்லையே." அடியில் இருந்த சின்னப் பெட்டியை இழுத்தால் இரண்டு தடித்த பேட்டரி, முனையெல்லாம் வெள்ளை பூத்து. புதுசு போட்டதும் டிக் டிக், குப்பென்று நீலத் தீ. உள்ளே வால்வின் திருகுகள் துருப்பிடித்து, தூசி படிந்து அப்படியே இருந்தன. அன்றைக்கு வந்தவர் வால்வைத் தொடவே இல்லை, ஏதோ பழைய பேட்டரியைத்தான் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இந்தக் கீசருக்குக் கரண்ட் வேண்டாம். தண்ணீரின் அழுத்தத்தில் உள்ளே ஒரு ரப்பர் தகடு நகரும், சுவிட்ச் விழும், பேட்டரி பொறி தட்டும், கேஸ் திறக்கும். சத்தமே இல்லையென்றால் பேட்டரி, இல்லாவிட்டால் தண்ணீர் வேகம் போதவில்லை. உப்புத் தண்ணீர் என்றால் கீசரின் வடிகட்டி வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். சத்தம் வந்தும் பற்றவில்லையென்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பாருங்கள். கேஸ் வாடை அடித்தால் மட்டும் எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். சுவிட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐ அழையுங்கள்.

பணம் போனதைவிட எனக்கு ஆறாதது வேறு. குளிருக்குப் பயந்து குளியலறை வெண்டிலேட்டரை அட்டையால் அடைத்திருந்தேன். காற்றுப்போக்கில்லாத அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும்; நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளையே கொன்றுவிடும். 'வெடிச்சிடும்' என்றவர் அந்த அட்டைக்கு நேர் கீழே நின்றுதான் வேலை பார்த்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பிதான் அதைப் பிய்த்து எறிந்தான், கீசரையும் வெளிச்சுவரில் மாட்டச் சொல்லியிருக்கிறான்.