மண் கலவை மூட்டை வாங்குகிறீர்களா? வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

மகளுக்கு ஏழரை மாதம் ஆனபோதுதான் எனக்குப் பால்கனியில் காய்கறி போடும் ஆசை வந்தது. அப்போது அவள் விட்ட இடத்தில் இருப்பாள். குப்புற விழுந்து, வயிற்றை ஊன்றிக் கடிகார முள் மாதிரி சுற்றுவாள், அவ்வளவுதான். நான் தொட்டி அடுக்க, அவள் பாயில் கிடந்து வேடிக்கை பார்ப்பாள் என்று கற்பனை செய்து வைத்திருந்தேன்.

தொட்டிகள் இருந்தன, மண் இல்லை. இணையத்தில் தேடி ஒரு விற்பனையாளரைப் பிடித்தேன். பெயர் வேண்டாம், இதே மாதிரி விற்கிறவர்கள் நிறையப் பேர். போனில் நான் முதலில் கேட்டதே குழந்தையைப் பற்றித்தான். "சார், முழுக்க இயற்கை. மண்புழு உரம், தொழு உரம், தேங்காய் நார்த்தூள், அவ்வளவுதான். குழந்தை வாயில போட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் வாங்கினேன். உண்மையில் அந்த வார்த்தையைக் கேட்டதுமே போனை வைத்திருக்க வேண்டும். மண்ணோடு புழங்கியவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். எவ்வளவு நல்ல உரமானாலும் மட்கிய சாணமும் குப்பையும்தானே?

ஆறு மூட்டை வந்தது. மேலே ஒரு இலைப் படம், "100% இயற்கை" என்று பெரிய எழுத்து. உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது, யார் தயாரித்தது, எந்தத் தேதியில், ஒன்றும் இல்லை. பிரித்ததும் அமோனியா நெடி மூக்கில் ஏறியது. கையை விட்டால் வெதுவெதுவென்று இருந்தது. கேட்டதற்கு, "ஃப்ரெஷ் சார், சத்து அதிகம்" என்றார். நானும் தலையாட்டினேன். நன்றாக மட்கிய உரத்தில் மழை நனைத்த மண்ணின் வாசனைதான் வரும். நெடியும் சூடும் இருந்தால் அது இன்னும் மட்கிக்கொண்டிருக்கிறது. அரைகுறையாக மட்கிய சாண உரத்தில் ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் உயிரோடு இருக்கலாம். இதெல்லாம் பட்ட பிறகு படித்தது. அன்றைக்கு எல்லாத் தொட்டியையும் நிரப்பிவிட்டு, பெருமையாகப் படம் வேறு எடுத்தேன்.

இதற்கிடையில் மகள் கையை ஊன்றி, முட்டியை மடக்கி, முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்திருந்தாள். பிள்ளைத்தமிழில் செங்கீரை ஆடுவது என்று சொல்வார்களே, அதற்கு நெருக்கமான ஆட்டம். முன்னால் போக முயற்சி செய்வாள், வண்டி பின்னால் போகும். காலைவிடக் கைக்கு முதலில் வலு வருவதால் நிறையக் குழந்தைகள் இப்படிப் பின்னோக்கித்தான் தொடங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, முட்டி போட்டுத் தவழ்வது 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். தவழாமலே நேராக எழுந்து நடக்கிற குழந்தைகளும் உண்டு. அதனால் "இன்னும் தவழவில்லையே" என்று நான் போட்ட கணக்கு தப்பு. தவழாத குழந்தையும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

தண்ணீர் பிடிக்கத் திரும்பினேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. பின்னாலேயே நகர்ந்து போய், கீரைக்காகத் தரையில் வைத்திருந்த தாழ்வான தட்டில் கால் இடித்து, திரும்பி, கையை உள்ளே விட்டிருக்கிறாள். உதட்டைச் சுற்றி மண். இன்னொரு கை இறுக்கமாக மூடியிருந்தது. விரல் விரலாகப் பிரித்தேன். மண், ஒரு மஞ்சள் உருண்டை, கிழிந்த மாத்திரை அட்டையின் ஒரு துண்டு. அலுமினியத் தாளோடு இருந்த அந்தத் துண்டின் முனை என் விரலிலேயே கீறல் போட்டது. அது அவள் தொண்டைக்குப் போயிருந்தால் என்று நினைத்து நான் தூங்காத இரவுகளின் கணக்கு வேறு.

மருத்துவர் வாயையும் தொண்டையையும் பார்த்துவிட்டு, காயம் இல்லை என்றார். ஆனால் காய்ச்சல், பேதி வருகிறதா என்று கவனிக்கச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்குப் புதிது. ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் பொட்டுலிசம், தசைகளைத் தளரச் செய்கிற ஒரு நோய். அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் இருக்கின்றன. பெரியவர்களின் குடலில் அவற்றால் வளர முடியாது, கைக்குழந்தையின் குடலில் முடியும். வருவது மிக அரிது. வந்தால் பெரும்பாலும் மலச்சிக்கலில் தொடங்கும். பிறகு பால் உறிஞ்சும் வேகம் குறையும், அழுகைச் சத்தம் தேயும், கழுத்து தொய்யும். சில வாரம் வரைகூட ஆகலாம் என்பதால் ஒரு மாதம் அவள் அழுதால் நிம்மதியாக இருந்தது. எந்தக் குறையும் வரவில்லை.

அன்று இரவே ஒரு மூட்டையைக் கொட்டிச் சலித்தேன். கண்ணாடிச் சில்லு, ரப்பர் பேண்டு, ஷாம்பு பாக்கெட் மூலை, இன்னும் மாத்திரை அட்டை. வீட்டுக் குப்பையைச் சரியாகப் பிரிக்காமல் மட்க வைத்து அரைத்தால்தான் இப்படி வரும். மஞ்சள் உருண்டைகளை முதலில் பெர்லைட் (மண் இறுகாமலிருக்கக் கலக்கிற இலேசான துகள்) என்று நினைத்திருந்தேன். பெர்லைட் வெள்ளையாக இருக்கும், தண்ணீரில் மிதக்கும், நகத்தால் அழுத்தினால் நொறுங்கும். இவை மூழ்கின. இடுக்கியால் உடைத்தால் வெளியே மெல்லிய தோல், உள்ளே வெள்ளை உப்பு. மாதக்கணக்கில் மெதுவாகக் கசிகிற ரசாயன உரம். செடிக்கு அது கெடுதல் இல்லை, நானே காசு கொடுத்து வாங்கிப் போட்டிருப்பேன். ஆனால் "முழுக்க இயற்கை" என்று சொல்லி, சொல்லாமல் கலந்து, குழந்தை வாயில் போடலாம் என்று சான்றிதழும் கொடுத்தார் பாருங்கள்.

போன் செய்தேன். முதல் நாள், "படம் அனுப்புங்க சார்." மறுநாள், "இது உங்க வீட்டுக் குப்பையா இருக்கும் சார்." மூன்றாம் நாள் குரல் மாறிவிட்டது: "குழந்தையை ஏன் சார் மண்ணு பக்கம் விட்டீங்க?" பணத்தைத் திருப்பிக் கேட்டால், பிரிக்காத மூட்டைக்கு மட்டும்தானாம். பிரிக்காமல் உள்ளே கண்ணாடி இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது. மற்ற ஐந்து மூட்டையும் தொட்டிக்குள் போய்விட்டதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

அவரிடமே வாங்கிய விதைப் பாக்கெட்டும் இதே கதைதான். "மருந்து படாத விதை" என்றார், உள்ளே அடர் ரோஸ் நிறத்தில் விதைகள். விதைக்கு அந்த நிறம் இயற்கையாக வராது. பூசணக்கொல்லி பூசிய விதையைத் தின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் சாயமே ஏற்றுகிறார்கள். பூச்சிக்கு என்று கொடுத்த லேபிள் இல்லாத பாட்டிலை மூடியைக்கூடத் திறக்கவில்லை. வேப்பெண்ணெய்தான், குடிக்கவே செய்யலாம் என்றார். வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போன கைக்குழந்தைகளுக்கு வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

சரி, செடியாவது வந்ததா? சந்தேகத்தில் மூன்று தொட்டியில் இந்தக் கலவை, மூன்றில் வேறு இடத்து மண் என்று பீன்ஸ் ஊன்றிப் பார்த்தேன். மற்ற மண்ணில் இலை விரிந்தது. இதில் இலைகள் கிண்ணம் போலக் குவிந்து, நுனி சுருண்டு நின்றுவிட்டன. களைக்கொல்லி அடித்த வைக்கோலை மாடு தின்றால், சில வகை மருந்துகள் சாணம் வழியாக உரத்துக்கும் வந்துவிடும். பீன்ஸும் தக்காளியும் அதைச் சட்டென்று காட்டிக்கொடுக்கும். இங்கே நடந்தது அதுதான் என்று சோதனைக்கூடம் இல்லாமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மண்ணில் விளைந்ததை மசித்து மகளுக்கு ஊட்ட எனக்கு மனசில்லை.

இப்போது யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு கைப்பிடி மாதிரிக்கு வாங்கி, முகர்ந்து, வாளித் தண்ணீரில் கரைத்துப் பார்க்கிறேன். மிதப்பதும் மூழ்குவதும் பாதிக் கதையைச் சொல்லிவிடும். (பார்த்ததும் அந்த வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். தவழும் குழந்தைக்குச் சில அங்குலத் தண்ணீரே ஆபத்து.) கலவையில் என்ன இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்கிறேன். எழுத மறுத்தவர்கள் இதுவரை இரண்டு பேர். தொட்டிகள் எல்லாம் இடுப்பு உயர ஸ்டாண்டுக்கு ஏறிவிட்டன, பால்கனிக் கதவுக்குத் தடுப்பும் வந்துவிட்டது.

போன வாரம் அதே எண்ணிலிருந்து ஒரு செய்தி: "வணக்கம் சார், செடிகள் எப்படி இருக்கு? ஐந்து நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதினீங்கன்னா ஒரு மூட்டை இலவசம்." இந்தப் பதிவின் சுட்டியைத்தான் பதிலாக அனுப்பப் போகிறேன்.