எழுத வைக்கும் படங்கள்: வகுப்பறைக்கான ஒரு மதிப்புரை

மாணவர்களுக்கு இலக்கிய ஆர்வத்தை ஊட்டும் திரைப்படம் எது என்று கேட்டால், ஆசிரியர்கள் பலரும் முதலில் சொல்வது ‘டெட் பொயட்ஸ் சொசைட்டி’ என்ற அமெரிக்கப் படத்தைத்தான். 1989இல் பீட்டர் வியர் இயக்கத்தில் வெளிவந்து, டாம் ஷுல்மனுக்குத் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றுத்தந்த அந்தப் படத்தின் மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆயினும், எழுத்துப் பயிற்சி வகுப்புகளில் படங்களைத் திரையிட்டு, அதன் பிறகு மாணவர்கள் எழுதிக் கொண்டுவரும் தாள்களைத் திருத்தி வரும் எனக்கு, ஆர்வத்தை ஊட்டும் படம் வேறு, எழுத வைக்கும் படம் வேறு என்பதில் ஐயமில்லை. முதல் வகைப் படம் முடிந்ததும் மாணவர்கள் கைதட்டுகிறார்கள். இரண்டாம் வகைப் படத்தைப் பார்த்த பிறகுதான் அவர்களது தாளில் புதிதாக ஏதேனும் தென்படுகிறது.

‘டெட் பொயட்ஸ் சொசைட்டி’ பெரும்பகுதி முதல் வகையைச் சேர்ந்தது. 1959இல் வெர்மான்ட் மாநிலத்துத் தங்கும் பள்ளி ஒன்றில் நிகழும் கதையில், ராபின் வில்லியம்ஸ் ஏற்று நடித்த கீட்டிங் என்னும் ஆசிரியர், கவிதையின் மேன்மையை வரைபடம் போட்டு அளக்கச் சொல்லும் முன்னுரையைப் பாடநூலிலிருந்தே கிழித்தெறியச் சொல்கிறார். அந்தக் காட்சியில் வகுப்பே ஆரவாரிக்கும். ஆனால், கிழித்த பிறகு ஒரு கவிதையை எப்படி வாசிப்பது என்பதைப் படம் பொறுமையாகக் காட்டுவதில்லை. கவிதை வரிகள் அங்கே பெரும்பாலும் முழக்கங்களாகவே ஒலிக்கின்றன. விதிவிலக்கு ஒன்று உண்டு. கவிதை எழுதி வராமல் கூசி நிற்கும் டாட் என்ற மாணவனின் கண்களைப் பொத்தி, சுவரில் தொங்கும் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் உருவப்படத்தைப் பார்த்ததும் மனத்தில் தோன்றுவதை நிறுத்தாமல் சொல்லும்படி ஆசிரியர் விரட்டுகிறார். தயக்கத்துடன் தொடங்கும் அவன், தன்னையறியாமல் ஒரு கவிதையைச் சொல்லி முடிக்கிறான். முதல் வரைவு எழுதும்போது மனத்திலிருக்கும் தணிக்கை அதிகாரியை வெளியே அனுப்பிவைக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சியை நான் பார்த்ததில்லை. நேரம் குறைவாக இருந்தால் இந்தக் காட்சியை மட்டும் போட்டுக் காட்டினாலே போதும். முழுப் படத்தையும் காட்டுவதானால், மாணவன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் பகுதி அதில் உள்ளதை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லி, பிறகு அதைப் பற்றி மாணவர்களுடன் நிதானமாகப் பேசுவதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

என் பரிந்துரைகளில் முதலிடம் 2010இல் வெளிவந்த ‘பொயட்ரி’ என்னும் கொரியப் படத்திற்கு. அதை எழுதி இயக்கிய லீ சாங்-டோங், திரைத்துறைக்கு வருமுன் பள்ளி ஆசிரியராகவும் நாவலாசிரியராகவும் இருந்தவர். கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருதும் இப்படத்திற்குக் கிடைத்தது. மீஜா என்ற அறுபது வயது கடந்த பெண், பேரனை வளர்த்துக்கொண்டு, பக்கவாதத்தால் முடங்கிய முதியவர் ஒருவருக்குப் பணிவிடை செய்து பிழைக்கிறாள். மறதி நோய் தொடங்கிவிட்டது, சொற்கள் ஒவ்வொன்றாக நழுவப்போகின்றன என்று மருத்துவர் சொல்லும் காலத்தில்தான், அவள் கவிதை எழுதக் கற்றுக்கொள்ளும் வகுப்பில் சேர்கிறாள். இதற்கிடையே, ஆற்றில் குதித்து இறந்த ஒரு பள்ளி மாணவிக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையில் தன் பேரனுக்கும் பங்கு உண்டு என்று அவளுக்குத் தெரியவருகிறது.

முதல் வகுப்பில் கவிதை ஆசிரியர் ஓர் ஆப்பிளை எடுத்துக் காட்டி, இதை எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஆயிரக்கணக்கான முறை என்று நினைக்கும் எவரும் உண்மையில் ஒரு முறைகூட அதைப் பார்த்ததில்லை என்பது அவர் வாதம். இந்த வேடத்தில் நடித்திருப்பவர் கிம் யோங்-டேக் என்னும் கவிஞரே என்பதால், அந்தப் பேச்சில் பாடம் ஒப்பிக்கும் தொனி சிறிதும் இல்லை. இந்தக் காட்சியோடு படத்தை நிறுத்திவிட்டு, வீட்டில் அன்றாடம் புழங்கும் பொருள் ஒன்றைக் கால்மணி நேரம் பார்த்து எழுதி வரச் சொல்வது என் வழக்கம். எலுமிச்சம்பழத்தைத் தேர்ந்துகொண்ட மாணவி ஒருத்தி, முதல் தாளில் ‘இயற்கை அன்னையின் அருட்கொடை’ என்று தொடங்கியிருந்தாள். திருப்பித் தந்து மீண்டும் பார்க்கச் சொன்னபோது, காம்பு இருந்த இடத்தில் நட்சத்திரம் போல் ஒரு தழும்பு இருப்பதையும், நகம் பட்ட இடத்தில் தோல் ஈரமாகிக் கைரேகையில் எண்ணெய் ஒட்டுவதையும் எழுதி வந்தாள். பள்ளிக் கட்டுரைகளில் நாம் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்ட ஆயத்தச் சொற்றொடர்களை உதறச் செய்ய, அறிவுரையைவிட அந்த ஆப்பிள் மிகுதியாக உதவுகிறது.

ஆனால், இப்படத்தை நான் உயர்வாக மதிப்பதற்கு அழகை மட்டும் பார்த்தால் போதாது என்பதையும் அது கற்பிப்பதே காரணம். இழப்பீட்டுப் பேச்சுக்காக இறந்த மாணவியின் தாயைத் தேடிப் போகும் மீஜா, வழியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைக் கண்டு மெய்ம்மறந்து குறிப்பெடுக்கிறாள். வயலில் அந்தத் தாயிடம் பழங்களையும் பருவத்தையும் பற்றி இனிமையாகப் பேசிவிட்டுத் திரும்பி நடக்கும்போதுதான், எதற்காக வந்தோம் என்பது அவளுக்கு நினைவு வருகிறது. அந்த முகத்தைப் பார்த்த மாணவர்கள், எழுத்தாளனின் கண் எதைக் காண்கிறது, எதைக் காண மறந்துவிடுகிறது என்று அவர்களாகவே விவாதிக்கத் தொடங்கினார்கள். இறுதியில் வகுப்பு முழுவதிலும் மீஜா ஒருத்தியே கவிதையை எழுதி முடிக்கிறாள். அவள் குரலில் தொடங்கும் அக்கவிதை இறந்த பெண்ணின் குரலாக மாறும் இடத்தை, பிறர் நிலையில் நின்று எழுதுவதற்கான பயிற்சிக்கு அப்படியே பயன்படுத்தலாம். 139 நிமிடங்கள் ஓடும் மெதுவான படம் இது. ஆங்கில வசன வரிகளைத் தொடர்ந்து படிக்கப் பழகாதவர்களுக்கு ஆசிரியர் அவ்வப்போது நிறுத்தித் தமிழில் சொல்ல வேண்டியிருக்கும். கதைப்பொருளைக் கருதி, முழுப் படத்தையும் கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறேன்.

1994இல் வெளிவந்த ‘இல் போஸ்டினோ’ என்னும் இத்தாலியப் படம், இத்தாலியத் தீவு ஒன்றில் நாடுகடந்து வாழும் சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூடாவுக்குக் கடிதம் கொண்டுவரும் தபால்காரரின் கதை. கவிஞர் ஊருக்குத் திரும்பிய பின், அந்தத் தபால்காரர் தீவின் ஒலிகளை அவருக்காகப் பதிவு செய்கிறார்: சிற்றலை, பேரலை, காற்று, தந்தையின் மீன்வலை, கோயில் மணி. விண்மீன் நிறைந்த வானத்தின் ஒலியையும் அவர் விட்டுவைப்பதில்லை. தம் தெருவின் ஒலிகளை மட்டும் வைத்து ஒரு பத்தி எழுதச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான தூண்டுதல் கிடைக்காது. உயர்நிலை வகுப்புகளுக்கும் அந்தப் பகுதி ஏற்றது.

தமிழில் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) படத்தையே எடுத்துக்கொள்வேன். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ குறுநாவலிலிருந்து பிறந்த இப்படம், மூலக்கதையை விட்டு வெகுதூரம் விலகிச் செல்கிறது. முதலில் குறுநாவலை வாசித்து, பிறகு படத்தைப் பார்த்து, இயக்குநர் எவற்றை வைத்துக்கொண்டார், எவற்றை விட்டார், ஏன் விட்டார் என்று மாணவர்கள் எழுதும்போது, திறனாய்வும் படைப்புப் பயிற்சியும் ஒன்றாகவே நடந்துவிடுகின்றன. வசனம் குறைவாகவும் முகங்களும் மௌனமும் மிகுதியாகவும் அமைந்த இந்தப் படம், எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லித் தீர்க்கும் பழக்கமுள்ள இளம் எழுத்தாளர்களுக்கு மிகவும் தேவையானது. வசன வரிகளின் இடையூறும் இல்லை. மேல்நிலை வகுப்பில் தொடங்குவோர் டாட் வரும் காட்சி, ஆப்பிள் காட்சி, ஒலிப்பதிவுக் காட்சி ஆகிய மூன்றையும் தனித்தனி வகுப்புகளில் காட்டி, ஒவ்வொன்றுக்கும் எழுதும் நேரம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு ‘உதிரிப்பூக்கள்’ படத்தை முழுமையாகத் திரையிடலாம்.